அறுத்த மரமும் அமைந்த வீடும்

உரைநடைப் பகுதி

நுழையும்முன்

காட்டில் நின்ற மரம் வீட்டின் சுவராகவும் கூரையாகவும் மாறுவதற்குள் பல கைகளைக் கடந்து வருகிறது. ஆனால் வெட்டி அறுத்துப் பொருத்திய பின்னும் மரம் அசைவற்ற பொருளாகிவிடுவதில்லை. அது ஈரத்தை ஏற்று விரிகிறது; ஈரத்தை இழந்து சுருங்குகிறது. அவ்வியல்பை அறிந்து கட்டிய வீடுகள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அவ்வறிவின் வரலாற்றை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மழையில் நெருக்கும் கதவு

மும்பையின் வடகிழக்குப் புறநகர்களுள் ஒன்று பாண்டுப். அதன் கிழக்கே உப்பளங்களும் தாணேக் கழியும் உள்ளன. மேற்கே குன்றுகள் உயர்ந்து, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காட்டோடு கலக்கின்றன. மும்பையில் ஓர் ஆண்டில் பெய்யும் 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழையில் பெரும்பகுதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே பெய்துவிடுகிறது.

அம்மாதங்களில் மலைச்சரிவையொட்டிய பழைய வீடுகளில் ஒரு காட்சியைக் காணலாம். ஏப்ரலில் எளிதாக மூடிய மரக்கதவு, ஜூலையில் நிலையோடு நெருக்கிக்கொண்டு மூட மறுக்கும். தச்சரை அழைத்து இழைப்புளியால் ஓரத்தைச் சீவச் செய்தால் அப்போதைக்குக் கதவு மூடிக்கொள்ளும். மழை ஓய்ந்து காற்று உலர்ந்ததும், சீவிய அதே ஓரத்தில் ஒளிக்கீற்று நுழையும் அளவுக்கு இடைவெளி தோன்றும்.

கதவைச் செய்தவர் அளவு தவறிவிட்டார் என்று வீட்டார் எண்ணுவதுண்டு. உண்மையில் தவறியது அளவன்று. மரம் மழைக்காலத்தில் ஓர் அளவாகவும் கோடையில் வேறோர் அளவாகவும் இருக்கிறது. ஒரு கதவில் நிகழும் இம்மாற்றம், முழுவதும் மரத்தாலேயே ஆன ஒரு வீட்டில் நிகழ்ந்தால் என்னவாகும்? அதற்கு விடை கண்டவர்களே மரவீடு கட்டும் கலையை வளர்த்தவர்கள்.

மரத்தின் இயல்பு

மரம் நுண்ணிய குழாய்களின் தொகுப்பு. உயிருள்ள மரத்தில் அக்குழாய்களின் உள்வெளியிலும் அவற்றின் சுவர்களிலும் நீர் நிறைந்திருக்கும். புதிதாக வெட்டிய சில மரங்களில், உலர்ந்த மரத்தின் எடைக்கு இணையான எடையில் நீர் இருப்பதுண்டு. வெட்டிய மரம் உலரும்போது முதலில் குழாய்களின் உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது. அதுவரை மரத்தின் எடை குறையுமே தவிர அளவு மாறுவதில்லை. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் குழாய்ச் சுவர்களில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்குகிறது.

இச்சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. நீளவாக்கில் மரம் மிகமிகச் சிறிதளவே சுருங்கும். குறுக்குவாக்கில் அது பன்மடங்கு மிகுதியாகச் சுருங்கும். குறுக்குவாக்கிலும், மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் திசையைக் காட்டிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம் ஏறத்தாழ இருமடங்காக இருக்கும். முழுக்கட்டை உலரும்போது மையத்தை நோக்கி வெடிப்பு விடுவதும், பலகை ஒருபுறமாக வளைவதும் இதனால்தான்.

ஆகவேதான் மரவாடியில் அறுத்த சட்டங்களை நேரடியாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதில்லை. அடுக்குகளுக்கு இடையே சிறு குச்சிகளை வைத்து, காற்று ஊடாடுமாறு நிழலில் உலரவிடுகின்றனர். வெப்ப அறைகளில் வைத்து விரைவாக உலர்த்தும் முறையும் உண்டு. மரத்தின் உட்பகுதியான வைரம், வெளிப்பகுதியைக் காட்டிலும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாவதில்லை. அதனால் வைரம் பாய்ந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பதும், அதை நன்கு உலர்த்துவதும் தச்சர் தொழிலின் முதற்பாடங்களாயின.

கட்டைகளை அடுக்கிய சுவர்

நார்வே, பின்லாந்து, ரஷ்யா முதலிய குளிர்நாடுகளில் ஊசியிலை மரங்கள் நேராகவும் உயரமாகவும் வளர்கின்றன. அம்மரங்களின் கட்டைகளைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டுப்பள்ளமிட்டு ஒன்றோடொன்று கவ்வச் செய்து வீடு கட்டுவது அங்குத் தொன்மையான வழக்கம். ரஷ்யாவின் ஒனேகா ஏரியிலுள்ள கிழி என்னும் தீவில், 1714-இல் இம்முறையில் எழுப்பப்பட்ட தேவாலயம் 22 குவிமாடங்களோடு ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. 1990-இல் அத்தீவின் தேவாலய வளாகம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

முற்காலத்தில் கோடரியால் செதுக்கிய கட்டைகள் ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் இருந்தன. ஒவ்வொரு கட்டையையும் அதன் கீழுள்ள கட்டையின் வடிவுக்கு ஏற்பக் குடைந்து அமர்த்த வேண்டியிருந்தது. பிற்காலத்தில் மர அறுவை ஆலைகள் அப்பணியை எளிதாக்கின. ஆலையில் கட்டைகள் அனைத்தும் ஒரே அளவில் அறுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் நாக்குப் போன்ற துருத்தலும், கீழ்ப்புறத்தில் அதை ஏற்கும் காடியும் அமைக்கப்படுகின்றன. பின்னர் எண்ணிடப்பட்ட கட்டைகள் வரைபடத்தோடு மனையிடத்திற்கு வந்து சேர்கின்றன. எண் வரிசைப்படி அவற்றை அடுக்கினால் சுவர் எழுந்துவிடுகிறது.

ஆயினும் ஆலை மரத்தின் அளவைச் சீராக்குகிறதே தவிர அதன் இயல்பை மாற்றுவதில்லை. படுக்கைவாட்டில் கிடக்கும் கட்டைகள் குறுக்குவாக்கில் சுருங்குவதால் சுவரின் உயரமே குறைகிறது. முற்றிலும் உலராத மரத்தால் எழுப்பிய மூன்று மீட்டர் உயரச் சுவர், சில ஆண்டுகளில் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் தாழக்கூடும். அதே வீட்டில் செங்குத்தாக நிற்கும் தூணோ, நீளவாக்கில் மரம் சுருங்காததால், உயரம் குறையாமல் நிற்கும். சுவர் தாழ, தூண் தாழாது நின்றால் கூரை திரிந்துவிடும். சன்னலின் மேலுள்ள கட்டை இறங்கிக் கண்ணாடியை நொறுக்கிவிடும்.

எனவே இவ்வீடுகளைக் கட்டுவோர் சன்னலுக்கும் கதவுக்கும் மேலே வேண்டுமென்றே இடைவெளி விடுகின்றனர். தூணின் அடியிலோ தலையிலோ திருகு ஒன்றைப் பொருத்தி, சுவர் தாழத் தாழத் தூணின் உயரத்தைக் குறைக்கின்றனர். வெடிப்பு வேண்டாத இடத்தில் விழாமலிருக்க, கட்டையின் மறைவான பக்கத்தில் முன்கூட்டியே வாளால் ஒரு கீறல் இடுகின்றனர். வீடு கட்டி முடிந்த பின்னும் மரத்திற்கு அசைய இடம் தரும் ஏற்பாடுகள் இவை.

இமயமலைச் சரிவில்

கட்டைகளை அடுக்கிக் கட்டும் முறை இந்தியாவிலும் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் அதனைக் காட்குனி என்பர். காட் என்பது மரத்தையும் குனி என்பது மூலையையும் குறிக்கும். தேவதாரு மரச்சட்டங்களை இரண்டிரண்டாகக் கிடத்தி, இடையே கற்களை நிரப்பி, அதன்மேல் மீண்டும் மரச்சட்டங்களை வைத்து மூலைகளில் கவ்வச் செய்வது இம்முறை. சுண்ணாம்புச் சாந்தோ சிமெண்டோ கொண்டு இவற்றை ஒட்டுவதில்லை.

ஒட்டாமல் அடுக்கிய சுவர் வலுவற்றது என்று தோன்றலாம். 1905-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் நிகழ்ந்த காங்ரா நிலநடுக்கம் அவ்வெண்ணத்தை மாற்றியது. அந்நடுக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர் உயிரிழந்தனர். கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய கட்டடங்கள் பெருமளவில் சரிந்தன. குலு பள்ளத்தாக்கில் கல்லும் தேவதாருவும் கலந்து கட்டிய நக்கர் கோட்டையோ நிலைத்து நின்றது. நிலம் குலுங்கியபோது அதன் மரச்சட்டங்கள் சிறிதே நகர்ந்து அதிர்வை வாங்கிக்கொண்டன. மூலைப் பொருத்துகள் சுவர்களைப் பிரியவிடாமல் கட்டிப்பிடித்தன. சுருங்கும் மரத்திற்கு அளிக்கப்பட்ட அதே நெகிழ்வு நிலநடுக்கத்திலும் காவலாயிற்று.

அடியும் முடியும் காத்தல்

மழை மிகுந்த நாட்டில் மரம் நெடுங்காலம் நிற்குமா என்னும் ஐயத்திற்குக் குமரி மாவட்டம் விடையளிக்கிறது. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை, 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூர் அரசின் இருக்கையாக விளங்கியது. 1956-இல் மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது அப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனையை மட்டும் கேரள அரசு பராமரித்து வருகிறது. அதன் முகமண்டபத்து மேற்கூரையில் 90 மலர் வடிவங்கள் மரத்தில் செதுக்கப்பட்டுள்ளன.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் அந்நிலத்தில் தேக்கும் பலாவும் உளுத்துப்போகாமல் நிற்கக் காரணம் மேற்பூச்சு அன்று, அமைப்பே. கல்லால் ஆன உயர்ந்த அடித்தளம் மரத்தை மண்ணின் ஈரத்திலிருந்து பிரிக்கிறது. சுடுமண் ஓடு வேய்ந்த சரிந்த கூரை, சுவரைத் தாண்டி நெடுந்தொலைவு தாழ்ந்து மழைச்சாரலைத் தடுக்கிறது. சட்டமிட்ட சன்னல்கள் வழியே காற்று ஓயாது ஊடாடி, ஏறிய ஈரத்தை உலர்த்திவிடுகிறது. அடியும் முடியும் காக்கப்பட்டால் நடுவிலுள்ள மரம் தானே வாழும் என்பது அவ்வமைப்பு உணர்த்தும் நெறி.

அப்பகுதியிலும் கேரளத்திலும் எளிய குடும்பங்கள் வாழ்ந்த பலகைச்சுவர் வீடுகளும் இந்நெறியில் அமைந்தவையே. சட்டங்களில் காடி வெட்டி, அதனுள் பலகைகளைச் செருகிச் சுவராக்கினர். தூணின் துளையில் உத்தரத்தின் கழுந்தை நுழைத்து, மர ஆணியால் இறுக்கினர். காடிக்குள் செருகிய பலகை மழையில் விரியவும் வெயிலில் சுருங்கவும் இடம் இருந்தது.

ஆணியடித்து இறுக்காத வீட்டைப் பிரிக்கவும் முடியும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா இதற்குக் கண்கண்ட சான்று. 1996-இல் திறக்கப்பட்ட அவ்வளாகத்தில் தென்மாநிலங்களின் மரபு வீடுகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, கோட்டயம் மாவட்டத்துப் புதுப்பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மரவீடு. அது இருந்த இடத்தில் பிரிக்கப்பட்டு, முட்டுக்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு உரியது என்று அறிந்த கைகளால் மட்டுமே இது இயலும். இன்றைய ஆலைகள் கட்டைகளில் இடும் எண்ணுக்கும் பழைய தச்சர் இட்ட அடையாளக் குறிக்கும் நோக்கம் ஒன்றே.

மும்பையில் மரம் தளரும் இடம்

மும்பையின் பழைய பகுதிகளில் மரத்தூண்களும் உத்தரங்களும் தாங்கும் மாடிக் கட்டடங்கள் இன்றும் உள்ளன. மழைக்காலத்தில் அத்தகைய கட்டடங்கள் சில இடிந்து விழுவதும், உயிர்கள் மாய்வதும் அந்நகரம் அறிந்த துயரம். அதைக் கேட்போர் மரமே நம்பத்தகாதது என்று முடிவு செய்துவிடுகின்றனர். கட்டடம் எங்கே தளர்ந்தது என்று ஆராய்ந்தால் உண்மை விளங்கும்.

உத்தரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்த அதன் முனை, ஒழுகும் கூரையின் கீழுள்ள கைமரம், குளியலறையை ஒட்டிய தூணடி ஆகியவையே முதலில் உளுக்கின்றன. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்து நின்றால் பூஞ்சை வளரத் தொடங்கும். சுவருக்குள் மறைந்த முனையைக் காற்றும் தீண்டாது, கண்ணும் காணாது. உடைந்த ஓட்டையோ கசியும் குழாயையோ உரிய காலத்தில் சீர்செய்யாததால் கட்டடமும் அதில் வாழ்வோரும் விலை கொடுக்க நேர்கிறது. மரவீட்டில் வாழ்வோர்க்குப் பராமரிப்பு என்பது கட்டுமானத்தின் தொடர்ச்சி.

தெரிந்துகொள்வோம்

1843-இல் பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான், பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் கிளார்க் என்பவருக்குப் பம்பாயையும் தாணேவையும் இருப்புப்பாதையால் இணைக்கும் எண்ணம் தோன்றியது என்பர். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1853 ஏப்ரல் 16 அன்று, இந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடியது. நாடெங்கும் தண்டவாளங்களைத் தாங்கத் தேக்கு, சால், தேவதாரு மரக்கட்டைகள் பெருமளவில் வெட்டப்பட்டன. காடுகள் விரைந்து குறைந்தன. 1864-இல் அரசு வனத்துறையை நிறுவி, டீட்ரிச் பிராண்டிஸ் என்பவரை அதன் தலைவராக்கியது.

காடும் வீடும்

மரத்தால் வீடு கட்டுவோரை நோக்கி எழும் இறுதி வினா, அம்மரம் எங்கிருந்து வந்தது என்பது. பாண்டுப்பின் மேற்கேயுள்ள காடு தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. அங்குள்ள மரம் மண்சரிவைத் தடுக்கிறது. ஏரிகளுக்கு நீர் சேர்க்கிறது. சிறுத்தைக்கும் பறவைக்கும் இருப்பிடமாகிறது. அதை வெட்டி வீடாக்க எவர்க்கும் உரிமையில்லை. வீட்டுக்கான மரம், வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டு வளர்க்கும் தோட்டங்களிலிருந்தே வரவேண்டும்.

அத்தகைய முயற்சிக்கு இந்தியா பழைய முன்னோடி. 1840-களில் மலபார் மாவட்ட ஆட்சியராயிருந்த கொனோலி, சாத்து மேனன் என்பவரின் துணையோடு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்தார். தாம் நட்ட கன்று மரமாகித் தம் காலத்தில் பயன்தராது என்று தெரிந்தும் அவர்கள் நட்டனர். தேக்கு நன்கு முதிர அரை நூற்றாண்டுக்கும் மேலாகும்.

காடுகளைக் காக்கும் நோக்கில், 1993-இல் மத்தியப் பொதுப்பணித்துறை தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதை நிறுத்தியது. 2020-இல் அத்தடை நீக்கப்பட்டது. வளரும் மரம் காற்றிலிருந்து கரிமத்தை ஈர்த்துத் தன்னுள் சேர்க்கிறது. வீடாகி நிற்கும்வரை அக்கரிமம் அதனுள்ளேயே தங்குகிறது. மரம் உளுத்துப்போனாலோ எரிந்தாலோ அது மீண்டும் காற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே மரவீடு பயனுடையதா என்பது அது எத்தனை ஆண்டு நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மரம் வளர எடுத்துக்கொண்ட காலத்திற்குக் குறையாத காலம் அதனால் ஆன வீடு நிற்குமாயின், அதற்குள் மற்றொரு மரம் அவ்விடத்தில் வளர்ந்துவிடும். பத்தாண்டில் உளுத்துப்போகும் வீட்டுக்காக அறுபதாண்டு மரத்தை வெட்டுவது கடனை வாங்கித் திருப்பாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

ஜூலை மாதத்தில் நெருக்கும் கதவைச் சீவுமுன் அனுபவமுள்ள தச்சர் சற்றே தயங்குவார். இப்போது தெரியும் அளவு மழைக்காலத்து அளவு என்பதை அவர் அறிவார். தேவையான அளவுக்கு மட்டும் சீவி, மீதியைக் கோடைக்கு விட்டுவைப்பார். நார்வேயில் சன்னலுக்கு மேல் விடும் இடைவெளியும், குமரியில் பலகைக்கு வெட்டிய காடியும், பாண்டுப்பில் ஒரு தச்சரின் தயக்கமும் ஒரே அறிவின் வெவ்வேறு வடிவங்கள்.

சொல்லும் பொருளும்

இழைப்புளி – மரத்தைச் சீவி மழமழப்பாக்கும் கருவி
மரவாடி – மரங்களை அடுக்கி விற்கும் இடம்
வைரம் – மரத்தின் முற்றிய உட்பகுதி
காடி – பலகை செருகுவதற்காக வெட்டிய நீண்ட பள்ளம்
கழுந்து – துளையில் நுழையுமாறு செதுக்கிய சட்டத்தின் முனை
உத்தரம் – தளத்தையோ கூரையையோ தாங்கும் குறுக்குமரம்
கைமரம் – கூரைச் சரிவைத் தாங்கும் சாய்வுச் சட்டம்
கழி – கடல்நீர் புகும் நிலவழி

இலக்கணக் குறிப்பு

உலராத மரம் – எதிர்மறைப் பெயரெச்சம்
வெட்டிய மரம் – பெயரெச்சம்
அடியும் முடியும் – எண்ணும்மை
நெடுங்காலம் – பண்புத்தொகை
சுடுமண் – வினைத்தொகை

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.

1. மரம் மிகக் குறைவாகச் சுருங்கும் திசை
(அ) வளையங்களை ஒட்டிய திசை (ஆ) மையத்திலிருந்து வெளிநோக்கிய திசை (இ) நீளவாக்கு (ஈ) குறுக்குவாக்கு

2. காட்குனி முறையில் பயன்படும் மரம்
(அ) தேக்கு (ஆ) தேவதாரு (இ) பலா (ஈ) சால்

ஆ. பிரித்து எழுதுக.

மலைச்சரிவு, ஒன்றோடொன்று, நெடுங்காலம், அவ்வியல்பு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. அறுத்த சட்டங்களுக்கு இடையே குச்சிகள் வைக்கப்படுவது ஏன்?
2. நக்கர் கோட்டை நிலநடுக்கத்தைத் தாங்கியது எவ்வாறு?
3. உத்தரத்தின் முனை முதலில் உளுக்கக் காரணம் யாது?

ஈ. விரிவாக விடை எழுதுக.

1. கட்டைகளை அடுக்கிய சுவரில் தூணுக்குத் திருகு தேவைப்படுவதை மரத்தின் இயல்போடு தொடர்புபடுத்தி விளக்குக.
2. ‘மரவீட்டில் வாழ்வோர்க்குப் பராமரிப்பு என்பது கட்டுமானத்தின் தொடர்ச்சி’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளோடு நிறுவுக.

உ. செய்து பார்க்க.

வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு மரக்கதவைத் தேர்ந்தெடுக்க. கதவுக்கும் நிலைக்கும் உள்ள இடைவெளியை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் மில்லிமீட்டரில் அளந்து, ஏப்ரல், ஜூலை, டிசம்பர் மாதங்களில் குறித்து வருக. மூன்று அளவுகளையும் ஒப்பிட்டு, கண்டறிந்ததைப் பத்து வரிகளில் எழுதுக.

ஊ. கேட்டு எழுதுக.

வீட்டுப் பெரியவர்களிடம் சொந்த ஊரிலுள்ள பழைய வீட்டைப் பற்றிக் கேட்டு, அதன் மரப்பகுதிகளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுக்க. ஒரே பகுதிக்கு வெவ்வேறு ஊர்களில் வழங்கும் பெயர்களை வகுப்பில் ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.